பிடி அரிசி டப்பாவோடு ஆறு நாள்

முதல் நாள், வெள்ளி. பாளையங்கோட்டை

காலையில் நெல்லை எக்ஸ்பிரஸை விட்டு இறங்கும்போது தோள்பையில் நாலு சட்டை, அம்மாவின் வேதாகமம், ஒரு பழைய அமுல்ஸ்ப்ரே டப்பா. டப்பாவில் முக்கால் அளவுக்கு அரிசி.

அந்த அரிசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சோறு பொங்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். மாதத்துக்கு ஒரு தடவை கோயிலில் கொண்டு சேர்ப்பார்கள். அங்கே அதை விற்று ஊழியத்துக்கு வைத்துக்கொள்வார்கள். பிடி அரிசி என்று பேர். எங்கோ வடகிழக்கில் இருக்கிற மிசோரத்துச் சபைகளிலும் 1910 முதல் இதே பழக்கம் இருக்கிறது. மலையில் இருக்கிறவர்களும் எங்கள் பக்கத்துத் தேரிச் செம்மணலில் இருக்கிறவர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். கையில் காசு கிடையாது, ஆனால் அடுப்பு எரிகிறது, அதிலிருந்து ஒரு பிடி.

அம்மா சென்னைக்கு வந்து எங்களோடு பதினோரு வருஷம் இருந்தாள். அங்கேயும் விடவில்லை. கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோதும், என் மனைவி அரிசிப் பாத்திரத்தையும் டப்பாவையும் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அம்மா தானே கையை விட்டு அள்ளுவாள். பாதி போர்வையில் சிந்தும். சிந்தியதை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுவாள். பிப்ரவரியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அந்த மூன்று மாத அரிசி கோயிலுக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டது.

போகாததற்குக் காரணம் நான்தான். நான் கோயிலுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் சபையில் ஒரு தேர்தல் வந்தது. இரண்டு அணி ஆனது. இருபது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடிய நண்பன் ஒரு அணி, நான் ஒரு அணி. கணக்கு, வழக்கு, வக்கீல் நோட்டீஸ் என்று போய், அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு வரிசையில் நிற்கும்போதுகூட ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மாவை ஆட்டோவில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவள் ஒரு நாளும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. நான் வாங்கிப் போடும் அரிசியில் ஒரு பிடி, நான் போகாத கோயிலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

வருகிற ஞாயிறு அம்மாவின் ஊரில் அசனம், கோயிலில் ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற விருந்து. அங்கே இந்த அரிசியைச் சேர்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். ஆறு நாள் லீவு இருக்கிறது. சின்ன வயதில் அம்மாவோடு சுற்றிய கோயில்களையும், அவள் பேர் மட்டும் சொல்லி நான் பார்க்காத ஊர்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எண்ணம்.

இன்று பாளையங்கோட்டை. பாப்பாத்தியம்மாள் கோயிலுக்கு முதலில் போனேன். புத்தகத்தில் குளோரிந்தா ஆலயம் என்று இருக்கும். ஊரில் கேட்டால் பாப்பாத்தியம்மாள் கோயில்தான். குளோரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து காப்பாற்றிய ஆங்கில அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்தவள். 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம்) ஞானஸ்நானம் வாங்கினாள். அதிகாரி இறந்த பிறகும் இங்கேயே இருந்து ஜனங்களைச் சேர்த்து, 1785-ல் இந்தக் கோயிலைக் கட்டி முடித்தாள். 1780-ம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் இருந்தது மொத்தம் 40 பேர். நெல்லைச் சீமையில் சீர்திருத்தச் சபைக்கு, அதாவது புராட்டஸ்டன்ட் சபைக்கு, தொடக்கம் அந்தப் பட்டியல்தான். கோயில் சின்னது. உள்ளே போனால் நாலு எட்டில் பலிபீடம் வந்துவிடுகிறது. யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன், உட்காரத் தோன்றவில்லை.

அப்புறம் ஊசிக்கோபுரம். 1826-ல் ரேனியஸ் ஐயர் கட்டியது. இன்றைக்குப் பேராலயம். ரேனியஸ் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் படித்ததெல்லாம் தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் வைத்தார், புதுக் கிறிஸ்தவர்கள் குடியேறும் கிராமங்களுக்கு நிலம் வாங்கத் தர்ம சங்கம் தொடங்கினார் என்பதுதான். 1835-ல் அவரை அனுப்பிய மிஷன் சங்கமே அவரை விலக்கியது என்பதையும், அதனால் இங்கிருந்த சபைகள் இரண்டாகப் பிரிந்தன என்பதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உபதேசியார்கள் ஒரு பக்கம், மிஷனெரிகள் ஒரு பக்கம், ஒரே ஊரில் இரண்டு ஜெபவீடு. 1838-ல் அவர் இறந்தார். பிரிந்தவர்கள் மெல்ல மெல்லத் திரும்பச் சேர்ந்தார்கள். அவருடைய கல்லறை பாளையங்கோட்டையிலேயே அடைக்கலாபுரத்தில் இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய் நின்றபோது நான் நினைத்தது ஒன்றுதான். அந்த மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தெருவில் ஜனங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார்கள்?

இரண்டாம் நாள், சனி. நாசரேத், பிரகாசபுரம்

திருச்செந்தூர் பாசஞ்சரில் ஜன்னலோர இடம். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, அதற்கு அடுத்து நாசரேத். நம்மாழ்வார் பிறந்த ஊரும் இயேசு வளர்ந்த ஊரின் பேரும் அடுத்தடுத்த ஸ்டேஷன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஆழ்வார்திருநகரியில் இறங்கும்போது, “நாசரேத்துக்கா? மர்காஷிஸ் ஐயர் ஊருல்லா” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மர்காஷிஸ் 1876-ல் இங்கே வந்து 1908-ல் இங்கேயே இறந்த மிஷனெரி. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடங்களும் அவர் காலத்தில் வளர்ந்தவை, தொழிற்பள்ளி அவர் காலத்தில் வந்தது. தச்சு, தையல், கொல்லு வேலை படித்து இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கெங்கோ போய்ப் பிழைத்தார்கள். என் தாத்தா இங்கேதான் தச்சு படித்தார். அவர் செய்த நாற்காலி ஒன்று சித்தி வீட்டுத் திண்ணையில் இன்னும் ஆடாமல் நிற்கிறது.

மத்தியானம் பிரகாசபுரத்துக்கு நடந்தேன். நாசரேத்தை ஒட்டியே இருக்கிறது. இங்கே ஒரு பழைய சண்டை. 1849-ல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். இந்த ஜனங்களுக்காக ஆயுசையே கொடுத்தவர்தான். ஆனால் அதில் அவர்களை எழுதிய விதம் அவர்கள் மனதை அறுத்துவிட்டது. அந்தக் காயமும் வேறு மனத்தாங்கல்களும் சேர்ந்து, 1857-ல் இந்த ஊரில் சட்டம்பிள்ளை என்கிற அருமைநாயகம் மிஷனெரிகளை விட்டுத் தனியே ஒரு சபையைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் தயவே இல்லாத இந்துக் கிறிஸ்தவ சபை. வேதத்தில் ஓய்வுநாள் சனிக்கிழமை என்று இருக்கிறதா, அப்படியானால் ஆராதனையும் சனிக்கிழமைதான் என்று வைத்தார். நான் போனதும் சனிக்கிழமையாக அமைந்தது. தெருவில் வெயில் கொதித்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

சட்டம்பிள்ளையை எனக்குச் சின்ன வயதில் ‘சபையை உடைத்தவர்’ என்றுதான் தெரியும். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தன்னையும் தன் ஜனத்தையும் கேவலமாக எழுதினவர்களிடம் சட்டென்று தலைகுனிந்து போகாமல், அதே சமயம் கிறிஸ்துவையும் விட்டுவிடாமல் ஒரு மனிதர் நின்றிருக்கிறார். நான் என்ன செய்தேன்? சண்டை வந்ததும் வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டும் ஒன்று இல்லை.

இருட்டுகிற நேரத்தில் அம்மாவின் ஊருக்கு வந்து சேர்ந்தேன். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளை. ஊர்ப் பேர் வேண்டாம், இருநூறு வீடு தேறாது. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. பனங்காட்டுக்கு மேலே எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். சின்ன வயதில் லீவுக்கு வரும்போது பஸ்ஸில் யார் முதலில் கோபுரத்தைப் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குள் போட்டி.

கோயில் முற்றத்தில் டியூப் லைட் கட்டி ஊரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் அரிவாள்மணையில் கத்தரிக்காய், வாழைக்காய். பெண்கள் வெங்காயமும் பூண்டும். பிள்ளைகள் உரித்த வெங்காயத்தை அண்டாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐயர் லுங்கியும் பனியனுமாகப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு கீர்த்தனையை எடுத்தார்கள், மற்றவர்கள் கையை நிறுத்தாமல் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் ஒரு அரிவாள்மணையைத் தள்ளினார்கள். “யாரு, மூத்தவ மவனா? வா, உக்காரு” என்றார் ஒரு மாமா. அவ்வளவுதான் விசாரிப்பு. பன்னிரண்டு மணி வரை நறுக்கினேன். விரலில் இப்போதும் கத்தரிக்காய்க் கறை.

மூன்றாம் நாள், ஞாயிறு. அசனம்

விடியற்காலம் சித்தி எழுப்பினாள். “எங்க அந்த அரிசி? எடு.”

டப்பாவைத் திறந்தேன். மூடியைத் திறக்கும்போதே ஒரு பழைய வாடை வந்தது. கறுப்பாக வண்டு ஊர்ந்தது. இரண்டு மூன்று இடத்தில் அரிசி நூல் பிடித்துக் கட்டியாக ஒட்டியிருந்தது. நான் சென்னையிலேயே பார்த்திருக்க வேண்டும். அம்மா டப்பா என்று பயந்து திறக்காமலே தூக்கி வந்துவிட்டேன். கோயிலுக்குக் கொடுக்கிறதை இப்படியா கொடுப்பது என்று நெஞ்சு அடைத்தது. “இது வேண்டாம் சித்தி. கடையில ஒரு சிப்பம் வாங்கிக் குடுத்துருதேன்” என்றேன்.

சித்தி ஒன்றும் சொல்லாமல் சுளகை எடுத்து வந்தாள். டப்பாவை அதில் கவிழ்த்தாள். முற்றத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து புடைக்கத் தொடங்கினாள். சுளகு மேலே போய்க் கீழே வரும்போது அரிசி ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம் பிரிந்தது. வண்டு சுளகின் விளிம்புக்கு வந்ததும் விரலால் தட்டிவிட்டாள். நூல் பிடித்த கட்டியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள், உதிர்ந்தது. உதிராததைத் தூர எறிந்தாள். இரண்டு கோழிகள் ஓடி வந்தன. அப்புறம் வெள்ளைத் துண்டில் பரப்பி வெயிலில் காயப்போட்டாள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் அளந்தாள். ஒன்றே கால் படி இருந்தது.

“மூணு மாசமா படுத்துக்கிட்டே போட்டா இல்லியா? அதைப் போயி வேண்டாங்க” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அவளுக்கும் அவள்தான் அக்கா.

எட்டரை மணிக்கு ஆராதனை. மூன்று வருஷத்துக்குப் பிறகு கோயிலுக்குள் போகிறேன். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் கால் தானாக எழுந்தது, பாவ அறிக்கை ஜெபம் வாயில் தானாக வந்தது. ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்கிற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. பக்கத்தில் நின்ற பையன் நிமிர்ந்து பார்த்தான்.

காணிக்கை நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக டப்பா, சொம்பு, தூக்குவாளி என்று எடுத்து வந்து முன்னால் இருந்த பெரிய கடகத்தில் அரிசியைக் கொட்டினார்கள். ஓலைக் கடகம், கழுவி வைத்தது. அரிசி விழுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. சித்தி என்னைத் தள்ளினாள். ஆண்பிள்ளை யாரும் போகவில்லை, நான் மட்டும் போனேன். துண்டிலிருந்த அரிசியைக் கொட்டினேன். பொன்னி, ஐ.ஆர். இருபது, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடந்தது. அம்மாவின் அரிசி எது என்று ஒரு நிமிஷம் தெரிந்தது, அடுத்தவர் கொட்டியதும் தெரியவில்லை.

வழக்கமாக இந்த அரிசியை ஏலம் போடுவார்கள். அசனத்தன்று மட்டும் நேரே அண்டாவுக்குப் போகும். பதினோரு மணிக்கெல்லாம் சோற்றை வடித்துப் புது ஓலைப்பாயில் மலை மாதிரி குவித்திருந்தார்கள். ஆவி எழும்பிக் கூரையைத் தொட்டது. ஐயர் ஜெபம் பண்ணி, முதல் பந்தி தொடங்கியது. முதல் பந்தி வெளியூர்க்காரர்களுக்கும் மற்றச் சமயத்து அக்கம்பக்கத்தாருக்கும். சாம்பார், கூட்டு, ரசம். கை கழுவும் இடத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிறவர் துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர் என்று சொன்னார்கள். அது அவர்கள் வீட்டுப் பாத்தியதையாம். அவர் அப்பா ஊற்றினார், இப்போது இவர். இதற்காக வருஷா வருஷம் லீவு போட்டு வருகிறார்.

சாப்பிடும்போது யாரும் என்னிடம், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். அவள் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு சங்கீதத்தை அப்படியே ஒப்பித்தார்.

மத்தியானம் திண்ணையில் அம்மாவின் வேதாகமத்தைப் புரட்டினேன். 1 இராஜாக்கள் 17-ம் அதிகாரத்தில் பென்சில் கோடு. சாறிபாத் ஊர் விதவை எலியாவிடம் சொல்லுகிற இடம்: ‘பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயுமே அல்லாமல்’. ஒரு பிடி என்பதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு. அந்தப் பெண் இஸ்ரவேலில் பிறந்தவள்கூட இல்லை. பஞ்ச காலம். கடைசிப் பிடியில் அடை சுட்டுத் தானும் பிள்ளையும் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று இருந்தவள். அதைப் போய் முதலில் எனக்குக் கொடு என்று கேட்கிறார் தீர்க்கதரிசி. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாரும் மாவு குறையாத அற்புதத்தைத்தான் பேசுவார்கள். அம்மா கோடு போட்டது அற்புதத்தில் இல்லை, அந்தப் பிடியில்.

பக்கத்து ஊர் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் அசரியா பேராயர். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர், 1912-ல். அதற்கு முன்பே, 1903-ல், இந்திய மிஷனெரி சங்கத்தை இவரும் சேர்ந்து தொடங்கினார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். அந்தப் பணத்தில் எவ்வளவு பங்கு இந்த மாதிரிக் கடகங்களிலிருந்து போனதோ! தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரை போய் ஊழியம் செய்தவர்களுக்குச் சோறு போட்டது இங்கே பனையேறிகள் வீட்டு அடுப்புதான்.

நான்காம் நாள், திங்கள். மணப்பாடு

அதிகாலையில் சித்தப்பா தேரியில் பதனீர் வாங்கிக் கொடுத்தார். மே மாதம், நல்ல பருவம். பட்டையில் ஊற்றிக் குடித்தால் ஓலை வாசனையும் சேர்ந்து வரும். அப்புறம் உடன்குடி வழியாக மணப்பாட்டுக்குப் பஸ்.

மணப்பாட்டை எட்டுவதற்கு முன்பே மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் தெரிகிறது. 1581-ல் கட்டியது. மூன்று பக்கம் கடல். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் வளர்ந்த நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயில்களுக்குள் அதிகம் போனதில்லை. எங்களுக்குள் அப்படி ஒரு கோடு உண்டு. பெண் கொடுக்க மாட்டார்கள், திருவிழாவுக்குப் போனால்கூட வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார்கள். அம்மா மட்டும் ஒரு தடவை என்னை இங்கே கூட்டி வந்தாள், கடல் பார்க்க என்று சொல்லி.

குன்றுக்குக் கீழே கடலைப் பார்த்த ஒரு குகை. 1542-ல் வந்த சவேரியார் இங்கே தங்கி ஜெபித்தார் என்பார்கள். உள்ளே ஒரு சின்னக் கிணறு. அலை அடிக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. குடித்துப் பார்த்தேன்.

சவேரியார் இந்தக் கரையில் என்ன செய்தார் என்பதை 1544 ஜனவரியில் அவரே ரோமாபுரிக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். தமிழ் தெரியாது. தெரிந்த ஆட்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஜெபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். சத்தம் கேட்டு வருகிற பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெரியவர்களுக்குச் சொன்னார்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்றும், விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லிச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்றும் எழுதுகிறார். பரிசுத்தவான் என்று நாம் மேலே தூக்கி வைத்துவிட்ட மனிதர், தனக்குத் தெரியாத பாஷையில் நாலு ஜெபத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு வெயிலில் நடந்திருக்கிறார்.

குகையில் ஒரு மீனவப் பெண் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு முழங்காலில் இருந்தாள். மகன் கடலுக்குப் போயிருக்கிறான் என்றாள். “நீங்களும் அவனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க” என்றாள். நாங்கள் கர்த்தருடைய ஜெபம் என்போம், அவர்கள் பரலோக மந்திரம். இரண்டும் ஒன்றுதான். அவள் பக்கத்தில் மண்டியிட்டுச் சொன்னேன். வார்த்தைகள் இடையிடையே வேறு வேறாக இருந்தன. அவள் ஒரு சொல் சொல்ல நான் ஒரு சொல் சொன்னேன். ஆமென் இரண்டு பேருக்கும் சேர்ந்து வந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய். முதலூர், இடையன்குடி

சாத்தான்குளம் போய், அங்கிருந்து முதலூர். 1799-ல், ஊரை விட்டு விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர். அப்படி உண்டானவற்றில் முதல் ஊர் என்பதால் அந்தப் பேர். அதற்குப் பாடுபட்டவர் தாவீது சுந்தரானந்தம் என்ற இந்தப் பக்கத்து மனிதர்தான். இன்றைக்கு முதலூர் என்றால் மஸ்கோத் அல்வா. மைதாப் பாலும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டுவது. நெய் கிடையாது, தேங்காய் எண்ணெயே கக்கி வரும். சித்திக்கு அரைக் கிலோ, வீட்டுக்கு ஒரு கிலோ வாங்கினேன்.

திசையன்விளை வழியாக இடையன்குடி வந்தபோது மூன்று மணி. கால்டுவெல் 1841-ல் இங்கே வந்தார். தெருக்களை நேர்க்கோட்டில் அளந்து போட்டார். 1847-ல் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டு 1880-ல்தான் பிரதிஷ்டை பண்ண முடிந்தது. 33 வருஷம்! இடையில் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி முடித்துவிட்டார், கோயில் முடியவில்லை. தமிழ்நாடு முழுவதும் அவரை இலக்கணத்துக்காக நினைக்கிறது. இந்த ஊர் அவரைக் கோயிலுக்காக நினைக்கிறது. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

சனிக்கிழமை பிரகாசபுரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபம் இங்கே குறையவில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. அந்த நூலை எழுதிய கை, அதே ஜனங்களோடு ஐம்பது வருஷம் இருந்து இதைக் கட்டியிருக்கிறது. எந்த ஜனங்கள் மனம் நொந்தார்களோ அவர்களே கல் சுமந்திருக்கிறார்கள். கோயில்பிள்ளை ஐந்து மணிக்கு மணியடிக்க வந்தார். தினமும் அடிக்க வேண்டுமா என்று கேட்டேன். “ஜெபத்துக்கு ஆள் வந்தாலும் வராட்டாலும் மணி அடிச்சாகணும் சார். காட்டுல வேலை பாக்கவன் அங்கயே நின்னு ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுவாம்லா” என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

ஆறாம் நாள், புதன். வடக்கன்குளம்

இந்த ஊருக்கு வர வேண்டுமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். தேவசகாயம் பிள்ளை 1745 மே 14-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். அடுக்கடுக்காக நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையை வேதத்திலிருந்து சொன்னாராம். ஞானஸ்நானம் பெற்றதும் எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து பழகினார். சிறை, அடி, ஊர் ஊராக எருமைமேல் ஏற்றி அவமானம். 1752 ஜனவரி 14-ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

அதே வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள். பலிபீடம் ஒன்று. ஜனங்கள் நிற்கிற மண்டபம் இரண்டு, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி. ஒரு காலில் மேல்சாதியார், இன்னொரு காலில் மற்றவர்கள், நடுவே சுவர். ஒரே அப்பத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாங்கினார்கள், முகம் பார்க்காமல். 1910-ல் சுவரை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று கேட்டு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, தோற்றது. சுவர் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர்களில் எத்தனையோ இடத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள் இன்னும் கோடு இருக்கிறது. இதைக் கிறிஸ்தவனாகிய நான் எழுதாமல் யார் எழுதுவது? அது பாவம். வேறு பேர் அதற்கு இல்லை.

உள்ளே போனேன். இப்போது சுவர் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் தரை. ஒரு பாட்டி அதன்மேல் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எங்கே இருந்தது என்று காட்டச் சொல்லிக் கேட்டேன். “நான் அதுலதான உக்காந்திருக்கேன்” என்றாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். எங்கள் சபையில் நாங்கள் செங்கல் வைத்துக் கட்டவில்லை. ஆனால் திருவிருந்து வரிசையில் அந்த நண்பனும் நானும் முகம் பார்க்காமல் நின்ற நாட்கள் இருந்தனவே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அரிசியைக் கொட்டியபோதே இது எனக்கு உறுத்தியது. காணிக்கை செலுத்த வரும்போது ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்’ என்று வேதத்தில் இருக்கிறதே. அவன்மேல் எனக்கு என்ன குறை என்று கேட்கவில்லை. என்மேல் அவனுக்கு என்ன குறை என்று கேட்கிறது. மூன்று வருஷத்தில் நான் அந்தப் பக்கமாக ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

சாயங்காலம் வள்ளியூர் ஸ்டேஷன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. பையில் அல்வா, கருப்பட்டி, அமுல்ஸ்ப்ரே டப்பா. டப்பா காலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் தூக்கினேன். கிளம்பும்போது சித்தி அதைக் கழுவிக் காயவைத்து, ஒரு பிடி அரிசி போட்டு மூடியிருக்கிறாள். கூடவே நாலு வேப்பிலைச் சருகு, வண்டு பிடிக்காமல் இருக்க.

அவன் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். ஆனால் மறக்கவில்லை. அழுத்தினேன். மூன்றாவது மணியில் எடுத்தான். நான் பேர் சொல்வதற்குள், “டேய், அம்மாவுக்கு நான் வரல” என்றான். “தெரு முனை வரைக்கும் வந்தேன். அப்படியே திரும்பிட்டேன்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிளாட்பாரத்தில் ஒரு சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, அது போகிற வரைக்கும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

“சரி, சொல்லு” என்றான் அவன்.

அசனத்திலிருந்து தொடங்கினேன்.